கோவளக் கரையோரம் ஒரு நாள்



கோவளம் என்றதும் திருவனந்தபுரத்துக் கடற்கரை உங்கள் நினைவுக்கு வரலாம். கன்னியாகுமரிக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அவ்விரண்டிற்குமன்று. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் தொலைவில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தைத் தாண்டியவுடன் கடலை ஒட்டி அமைந்திருக்கும் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்திற்கு.

நம்மில் பலருக்கு இவ்வூர் புதிதன்று. வியாழக்கிழமை மாலை வேன் பிடித்து வருகிறோம். தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் தர்காவில் ஸியாரத்தை முடிக்கிறோம். பிள்ளைகள் கடலில் கால் நனைத்ததும், பொரித்த மீன் வாங்கித் தந்து, இரவோடு இரவாக வீடு திரும்பிவிடுகிறோம். ஊருக்கு வந்தோம் என்று சொல்லலாமே தவிர, இந்தக் கரையைக் கண்டோம் என்று சொல்வதற்கில்லை. நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் வந்து போனேன். பின்னர் ஒரு காரணத்தால் இக்கரையில் நடக்க நேர்ந்தது. அக்காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன். அன்று முதல், ஆண்டுக்கொரு முறையேனும் இங்கே நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அந்த ஒரு நாள் நடையில்தான் இன்று உங்களையும் துணைக்கு அழைக்கிறேன்.

இந்நடைக்கு மார்கழி, தை, மாசி மாதங்கள் ஏற்றவை. அப்போது வெயில் தணிந்திருக்கும். கோவளத்திலிருந்து தெற்கே திருவிடந்தை சுமார் 3 கிலோ மீட்டர், வடநெம்மேலி 5 கிலோ மீட்டர், சாளுவன்குப்பம் 15 கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மாமல்லபுரம் 20 கிலோ மீட்டருக்கு உட்பட்டது. இளைஞர்கள் முழுவதையும் நடக்கலாம். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் கவலை வேண்டா. கிழக்குக் கடற்கரைச் சாலை வழி நெடுகிலும் நமக்கு மேற்கே கூடவே வருகிறது. களைத்த இடத்தில் கரையேறிப் பேருந்து பிடித்துக்கொள்ளலாம். குடிநீர், பேரீச்சம்பழம், தலைக்கு ஒரு துண்டு, விரித்துத் தொழ ஒரு விரிப்பு ஆகியவை போதும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அலை நனைத்த ஈர மணலில் வெறுங்காலோடு நடப்பதே எளிது.

சுபுஹுத் தொழுகையைக் கோவளத்திலேயே முடித்துவிடுவோம். தர்காவில் கூட்டம் சேராத அந்த வேளையில், கடலிரைச்சல் உள்ளேயும் கேட்கும். இங்கே அடங்கியிருப்பவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழர்களுள் ஒருவர் என்பது இப்பகுதி மக்களின் வழிவழி நம்பிக்கை. அவர்களுடைய திருமேனி பேழையொன்றில் கடல்வழியே மிதந்து வந்து இக்கரையில் ஒதுங்கியதென்றும், கரையில் இருந்தோர் அதனைக் கண்டெடுத்து நல்லடக்கம் செய்தனரென்றும் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏட்டில் எழுதப்பட்ட வரலாறாக அன்றி, வாய்மொழியாக வந்த செய்தியாகவே இதனைக் கூறுகிறேன். ஆயினும் அதில் வரும் ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் யார், எந்த நாட்டவர் என்று அறியாத மீனவர் கரை, அவரை மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. இன்றும் இத்தர்காவிற்கு வருவோரில் பிற சமயத்தார் மிகப் பலர்.

தர்காவை விட்டு வெளியே வந்து கடற்பக்கம் திரும்பினால், சில நிமிட நடையிலேயே இன்னும் இரண்டு வழிபாட்டிடங்களைக் காணலாம். கைலாசநாதர் கோயில் ஒன்று. மற்றொன்று கார்மேல் மாதா ஆலயம். போர்த்துக்கீசிய வழிவந்த சென்னை வணிகரான ஜான் டி மாண்டே என்பவர் அதனை 1808இல் கட்டியதாகக் கூறுவர். சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் டி மாண்டே காலனி என்று ஒரு பகுதி உண்டல்லவா, அது அவருடைய பெயரால் அமைந்ததே. பாங்கொலியும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே காற்றில் கலந்து வரும் ஊர் இது. இதனை யாரும் இங்கே வியந்து பேசுவதில்லை. மீன்பிடி ஊரில் காலையில் பேச வேறு செய்திகள் நிறைய இருக்கின்றன.

இவ்வளவு சிறிய ஊருக்குப் பெரிய வரலாறு ஒன்றும் உண்டு. ஆங்கிலேயர் இதனைக் 'கோவ்லாங்' என்று எழுதினர். 'சஆதத் பந்தர்' என்றும் ஒரு பெயர் இருந்தது. பந்தர் என்றால் துறைமுகம். 1710 முதல் 1732 வரை ஆர்க்காட்டு நவாபாக இருந்த சஆதத்துல்லா கானை அப்பெயர் நினைவூட்டுகிறது. புனித உரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸின் ஆதரவோடு 1722இல் பட்டயம் பெற்ற ஆஸ்டெண்டு கம்பெனி, இந்தியாவில் தனக்கென அமைத்துக்கொண்ட முதன்மையான இரு வணிகத் தலங்களுள் ஒன்று இந்தக் கோவளம். மற்றொன்று வங்காளத்துப் பாங்கிபசார். ஆனால் பிற ஐரோப்பிய வல்லரசுகளின் எதிர்ப்புக்கு ஈடுகொடுக்க இயலாமல் அந்தக் கம்பெனியின் பட்டயம் 1727இல் நிறுத்திவைக்கப்பட்டது. 1731இல் அதன் கதையே முடிந்தது.

அடுத்து வந்தது, நவாப் அன்வருத்தீன் கான் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் கோட்டை. அவர் 1749இல் ஆம்பூர்ப் போரில் உயிர் நீத்தார். மறு ஆண்டே பிரெஞ்சுக்காரர்கள் சூழ்ச்சியால் இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1752இல் ராபர்ட் கிளைவ் படையோடு வந்தார். அவர் கையில் இருந்தவர்கள் பயிற்சியற்ற புதிய ஆட்கள். கோட்டையிலிருந்து வந்த முதல் குண்டுக்கு ஒருவன் விழ, மற்றவர்கள் திரும்பி ஓடினராம். காவலுக்கு நிறுத்தப்பட்ட ஒருவன் பீரங்கிச் சத்தத்திற்கு அஞ்சி ஓடி, பல மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுக்கப்பட்டான் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதியிருக்கிறார். எப்படியோ அவர்களை நிலைப்படுத்திச் சில நாட்களில் கிளைவ் கோட்டையைப் பிடித்தார். பின்னர் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கோட்டை நின்ற பக்கத்தில் 1974 முதல் ஒரு பெரிய தங்கும் விடுதி இயங்குகிறது. ஊரில் சிறுவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோட்டை எங்கே என்றால் விழிப்பார்கள். தர்கா எங்கே என்றால் கையைப் பிடித்து அழைத்துச் செல்வார்கள். உலகைச் சுற்றி வந்து, முன் சென்றோரின் முடிவைப் பாருங்கள் எனத் திருமறை பல இடங்களில் நம்மை ஏவுவது இந்தப் படிப்பினைக்காகத்தானே!

பொழுது புலர்ந்துவிட்டது. இனிக் கடற்கரைக்கு இறங்குவோம். இரவில் சென்ற படகுகள் கரை திரும்பும் நேரம் இது. முன்பு கட்டுமரங்களே மிகுந்திருந்தன. இப்போது பைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. வலையிலிருந்து மீனைக் கழற்றும் ஆண்களும், கூடையோடு ஏலத்தில் நிற்கும் பெண்களுமாகக் கரை நிறைந்திருக்கும். சங்கரா, கிழங்கான், நெத்திலி, காணாங்கத்தை என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். சமையலறையில் வெட்டிய துண்டாகவே மீனைக் கண்ட பிள்ளைகளுக்கு இது ஒரு பாடம்.

ஊரையொட்டிய கடற்கரை ஒன்றிற்கு 2021இல் 'நீலக்கொடி' என்னும் பன்னாட்டுத் தகுதிச் சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் அச்சான்றைப் பெற்ற முதற்கடற்கரை அதுவே. தூய்மை, நீரின் தரம், பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றைச் சோதித்து வழங்கப்படுவது அது. கழிப்பிடமும் உடை மாற்றும் அறைகளும் அங்கே இருப்பதால் பெண்களுக்கு வசதி. மீனவ இளைஞர்கள் பலகை மீது நின்று அலைச்சறுக்குவதையும் இங்கே காணலாம். அவர்களுள் சிலர் பிறருக்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர்களாகவும் விளங்குகின்றனர்.

இனித் தெற்கு நோக்கி நடப்போம். இடப்புறம் வங்கக் கடல். வலப்புறம் மணல்மேடும் சவுக்குத் தோப்பும். மேட்டில் அடும்பங்கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருக்கும். உருண்டை முள்ளாகக் காற்றில் உருண்டோடும் இராவணன் மீசைப் புல்லைத் துரத்திப் பிள்ளைகள் ஓடுவார்கள். இவ்விரண்டும் மணலைப் பற்றிப் பிடித்து மேட்டைக் காப்பவை, பிடுங்க விடாதீர்கள். சனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். காலையில் நடப்பவர் கண்ணுக்கு, டிராக்டர் சக்கரம் பதிந்தது போன்ற அவற்றின் தடம் தென்படும். தடத்தின் முடிவில் மணலைக் கிளறாமல், கண்டு மகிழ்ந்து அகன்றுவிடுங்கள்.

சில கிலோ மீட்டர் நடந்ததும் வேலிகள் குறுக்கிடத் தொடங்கும். விடுதிகளும் செல்வர்களின் கடலோர மாளிகைகளும் மதில் எழுப்பியிருக்கின்றன. ஒரு முறை என் மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் நடந்தபோது காவலாளி ஒருவர் எங்களை நிறுத்தினார்.

"இது தனியார் இடம் சார், ரோட்டுப் பக்கமா சுத்திப் போங்க" என்றார்.

நான் தயங்கி நின்றேன். பின்னால் மீன் கூடையோடு வந்த அம்மையார் நிற்கவேயில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தண்ணி ஓரமா வாங்க பாய், அதுக்கு யாரு வேலி போட முடியும்?" என்று சொல்லி முன்னே நடந்தார். நாங்களும் அவரைப் பின்தொடர்ந்தோம். காவலாளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பாவம், அவருக்கும் பிழைப்பு.

அந்த அம்மையார் வாழ்க்கையறிவால் சொன்னதைச் சட்டமும் சொல்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இலும், திருத்தப்பட்டு 2011இலும் 2019இலும் வெளிவந்தது. ஓதம் ஏறி இறங்கும் நிலப்பகுதியை அது சிறப்பாகக் காக்கிறது. இரு கடற்கரை விடுதிகளுக்கிடையே பொதுமக்கள் கடலுக்குச் செல்ல 20 மீட்டர் அகலத்திற்குக் குறையாமல் இடைவெளி விடவேண்டும் என்பதும் அதிலுள்ள நிபந்தனை. அந்த வழி நமக்கு உல்லாசத்திற்கு. மீனவருக்கோ அதுவே தொழிலுக்குச் செல்லும் பாதை. நடப்பவர் இல்லாத பாதை நாளடைவில் மூடப்பட்டுவிடும். ஆகவே நாம் நடப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது.

திருவிடந்தைக்கு நேராக வரும்போது, சாலைக்கு அப்பால் நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலின் கோபுரம் உண்டு. வைணவர்களின் 108 திருப்பதிகளுள் ஒன்று அது. திருமணம் கூடி வரவேண்டும் என்று கழுத்தில் மாலையோடு இளைஞர்களும் கன்னியரும் பெற்றோருடன் அங்கே வருவார்கள். வயது வந்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரின் முகத்தில் தெரியும் கவலை எந்தச் சமயத்திலும் ஒன்றுதான்.

அதையும் தாண்டினால் ஒரு மீனவர் குப்பம் வரும். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் இக்கரையில் நடக்கத் தொடங்கிய காரணம் அங்கேதான் இருக்கிறது.

1994ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். குடும்பத்தோடு கோவளத்திற்கு வந்திருந்தோம். ஸியாரத் முடிந்ததும் இளைஞர்கள் குளிக்கச் சென்றார்கள். என் தம்பிக்கு அப்போது 17 வயது. அலை முறிந்து இரைந்த இடங்களை விடுத்து, அமைதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் இறங்கினான். சற்று நேரத்தில் அவனைக் காணவில்லை. கரையில் நின்ற மீனவர்கள் கேட்காமலே படகை இறக்கித் தேடினார்கள். இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. அன்றிரவு ஒரு பெரியவர் என் அத்தாவின் அருகில் வந்து அமர்ந்து, "வாடை அடிக்குது பாய். இப்பத் தண்ணி தெக்கால போவுது. தெக்கே பாருங்க" என்றார்.

அது அனுபவத்தின் சொல். ஆண்டின் பெரும்பகுதியில் இக்கரையோர நீரோட்டம் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. அதை நான் நூல்களில் படித்தறிந்தது பிற்காலத்தில்தான். மூன்றாம் நாள் சுபுஹு தொழுதுவிட்டு அத்தாவும் நானும் இதே கரையில் தெற்கே நடந்தோம். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. குப்பத்தை நெருங்கியபோது, கரையில் சிலர் வட்டமாக அமர்ந்திருப்பதைக் கண்டோம்.

அதிகாலையில் கரை ஒதுங்கியிருக்கிறான். அவர்கள் அவனை அலை எட்டாத மேட்டுக்குத் தூக்கிவந்து கிடத்தியிருந்தார்கள். மேலே கஞ்சி மடிப்புக் கலையாத ஒரு புதுச் சேலை போர்த்தப்பட்டிருந்தது. மூதாட்டி ஒருவர் காக்கை அண்டாமல் ஓலை விசிறியோடு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவன் யார், எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்று அவர்களுக்கு எதுவும் தெரியாது. காவல் துறைக்கு ஆளனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"யாரு பெத்த புள்ளையோ, வெயில்ல கெடக்கக் கூடாதேன்னு போத்தினேன்" என்றார் அந்த மூதாட்டி.

அத்தா நடுங்கும் கையால் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். அவர் வாங்கவில்லை. "காசு எதுக்கு பாய்? புள்ளைய பத்திரமா எடுத்துக்கினு போங்க" என்று சொல்லி எழுந்துவிட்டார். அந்தச் சேலையை எங்கள் வீட்டில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறோம்.

நீரில் மூழ்கி இறந்தோர் ஷஹீதுகளின் கணக்கில் சேர்வர் என்னும் நபிமொழியைச் சொல்லி, ஜனாஸா அன்று எங்கள் ஊர் இமாம் அத்தாவைத் தேற்றினார். அத்தா தேறினார். ஆனால் அவர் அதன்பின் தர்காவில் நிற்கும் முறை மாறிவிட்டது. கடலில் மிதந்து வந்த பேழையைப் பற்றிய பழைய செய்தியை யாரேனும் சொன்னால், "எடுத்தவங்க இந்த ஜனங்கதான். நான் கண்ணால பார்த்தேன்" என்பார்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இக்கரையைத் தாக்கியது. ஜமாஅத்தார் சிலருடன் அரிசியும் போர்வையும் கொண்டு நாங்கள் முதலில் சென்றது அந்தக் குப்பத்திற்குத்தான். அந்த மூதாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். அவருடைய பேரன் எங்களை அடையாளம் கண்டு, உடைந்த படகின் மேல் உட்கார வைத்தார். கைம்மாறு செய்யப் போனவர்களுக்கு அன்றும் அவர்கள்தான் தேநீர் கொடுத்தார்கள்.

இவ்வளவும் நான் சொல்வது உங்களை வருத்துவதற்காகவன்று. ஆண்டுதோறும் இக்கரையில் இளைஞர்கள் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பலர் செய்த தவறு என் தம்பி செய்ததே. கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்ப இடுங்கிய வழியொன்றை அமைத்துக்கொள்ளும். அவ்விடத்தில் அலை முறியாது; பார்வைக்கு அமைதியாகத் தோன்றும். உண்மையில் அதுவே கடலுக்குள் இழுத்துச் செல்லும் ஓட்டம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். பதறாமல் மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைக் கடந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, இறங்கும் முன் கரையில் நிற்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "இங்க எறங்காதீங்க" என்று அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு வேண்டா.

வெயில் ஏறுகிறது. வடநெம்மேலியில் சாலைப் பக்கம் ஏறினால் முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகி வந்த இந்திய முதலை இனங்களைப் பெருக்கிக் காப்பதே அதன் நோக்கம். 1978இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இங்கேதான் தொடங்கிற்று. முன்பு பாம்பைத் தோலுக்காகப் பிடித்து வந்த இருளர்கள், அத்தொழில் சட்டத்தால் தடுக்கப்பட்டபின், அதே திறமையைக் கொண்டு நஞ்சை எடுத்துப் பாம்பை உயிரோடு விட்டுவிடும் தொழிலுக்கு மாறினார்கள். பாம்புக்கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் ஊசிமருந்துக்கு அந்த நஞ்சே மூலப்பொருள். வார விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

லுஹருக்கு ஒரு சவுக்குத் தோப்பு போதும். ஒளுவுக்கு நீர் தேடி அலைய வேண்டியதில்லை. கடல்நீர் தூய்மையானது என்பது நாயகம் (ஸல்) அவர்களே அளித்த தீர்ப்பு. கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே சற்று வடக்காகத் திரும்பினால் கிப்லா. தொழுதபின் கட்டுச் சோற்றைப் பிரியுங்கள். உணவுக்குப்பின் பெண்களும் குழந்தைகளும் சற்றுக் கண்ணயரலாம். எழுந்து செல்லும்போது ஒரு காகிதத் துண்டும் அங்கே கிடக்க வேண்டா.

நடையைத் தொடர்ந்தால் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வரும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையம் 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் மற்றொன்று 2024இலும் தொடங்கப்பட்டன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய சவ்வின் வழியே நீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள். எஞ்சிய உவர்நீர் மீண்டும் கடலுக்கே போகிறது. சென்னையில் நாம் திறக்கும் குழாயில் வருவது இக்கடலாகவும் இருக்கலாம். இந்நிலையம் வந்தபின் தங்கள் கரை அரிக்கப்படுவதாக அருகிலுள்ள சூளேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள் முறையிட்டு வந்துள்ளனர். நகரத்தின் தாகமும் நியாயமானது; குப்பத்தாரின் கரையும் நியாயமானது. தண்ணீரைச் சிந்தாமல் செலவிடுவது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். அந்தக் குப்பத்தைக் கண்ணால் கண்டபின் அது இன்னும் எளிதாகிறது.

பட்டிப்புலத்தைக் கடந்து சாளுவன்குப்பத்தை அடையும்போது அஸர் நேரம் ஆகியிருக்கும். புலிக்குகை என்னும் பல்லவர் காலக் குடைவரையைச் சுற்றிப் புல்வெளியும் நிழலும் உண்டு. அதன் அருகிலேயே ஒரு புதுமையும் இருக்கிறது. சுனாமி அலைகள் மணலை அரித்துச் சென்றபோது பாறையொன்றில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அந்தத் தடயத்தைப் பற்றி 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, மணலுக்கடியிலிருந்து ஒரு பழைய முருகன் கோயில் வெளிவந்தது. அடித்தளம் பல்லவருக்கும் முற்பட்ட செங்கற்கட்டடம். பல நூற்றாண்டுகள் மணல் அதனை மூடி வைத்திருந்து, மக்கள் உயிரையும் உடைமையையும் இழந்த அந்த நாளில் திறந்து காட்டிற்று.

இங்கிருந்து மாமல்லபுரம் 5 கிலோ மீட்டர். கால் வலுவுள்ளோர் நடந்து, 1984 முதல் உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படும் கடற்கரைக் கோயிலை மாலை வெளிச்சத்தில் காணலாம். மற்றவர்கள் சாலைக்கு ஏறிப் பேருந்தில் திரும்பலாம். நானும் என் வீட்டாரும் பெரும்பாலும் சாளுவன்குப்பத்தோடு நிறுத்திக்கொண்டு, மஃரிபுக்குக் கோவளம் திரும்பிவிடுவோம்.

காலையில் நின்ற அதே இடத்தில் மாலையிலும் நின்று துஆச் செய்வோம். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்காக, எங்கள் பிள்ளைகளுக்காக மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் குப்பத்தாருக்காகவும், இரவுக் கடலில் வலை வீசிக்கொண்டிருக்கும் முகமறியா மனிதர்களுக்காகவும் சேர்த்துக் கேட்கிறேன். அடுத்த முறை நீங்கள் கோவளத்திற்கு வரும்போது வேனைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டுத் தெற்கே கொஞ்சம் நடந்து பாருங்கள். வழியில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரேனும் தலை நிமிர்ந்தால், நின்று நலம் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானவையாக ஆக்கி வைப்பானாக, ஆமீன்.